கூத்துப்பறம்பின் சட்டமன்ற உறுப்பினர்

வி. ஆர். கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் போகிறார் என்ற செய்தி 1973இல் பரவியபோது பம்பாய் வழக்கறிஞர்களில் ஒரு பிரிவினர் அதை வெளிப்படையாக எதிர்த்தார்கள். சோலி சொராப்ஜியும் அவர்களில் ஒருவர். மனிதர் அரசியல்வாதி, கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர், அவருக்கு உச்ச நீதிமன்றத்தில் என்ன வேலை என்பதுதான் எதிர்ப்பின் சாரம். சில ஆண்டுகளில் சொராப்ஜி தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தாம் எதிர்த்தது தவறு என்று பின்னாளில் சொல்லவும் தயங்கவில்லை. எதிர்த்தபோதும் சரி, பாராட்டியபோதும் சரி, கிருஷ்ணய்யரின் சட்டமன்ற ஆண்டுகள் மன்னித்து ஒதுக்கவேண்டிய ஒரு பழைய கணக்காகவே பலருக்கும் தெரிந்தன. 2014 டிசம்பர் 4 அன்று கொச்சியில் தமது நூறாவது வயதில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளிலும் அந்த ஆண்டுகளுக்கு ஓரிரு வரிகளே கிடைத்தன.

அந்த ஓரிரு வரிகளை விரித்துப் பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். 1970களில் இந்தியாவே கவனித்த தீர்ப்புகளில் பலவற்றின் விதை தலச்சேரி நீதிமன்றத்திலும் சென்னைச் சட்டமன்றத்திலும் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்திலும் விழுந்தது. அந்தத் தீர்ப்புகளின் பலவீனங்களும் அங்கிருந்து வந்தவைதாம்.

பாலக்காட்டுத் தமிழ் அந்தணக் குடும்பம். பூர்வீகம் வைத்தியநாதபுரம் கிராமம். தந்தை வி. வி. ராம அய்யர் மலபாரின் கொயிலாண்டியில் வழக்கறிஞர். மகன் தலச்சேரி பாசல் மிஷன் பள்ளியிலும் பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் படித்துவிட்டுச் சிதம்பரம் வந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பிறகு சென்னைச் சட்டக் கல்லூரி. 1930களின் கடைசியில் தலச்சேரியில் தொழில் தொடங்கினார். வட மலபார் மாவட்ட நீதிமன்றம் இருந்த ஊர் அது. அன்றைய மலபாரில் சிவில் வழக்கு என்றால் பெரும்பாலும் நிலம். மேலே நிலச் சொந்தக்காரரான ஜன்மி, அவருக்குக் கீழே இடைநிலைக் குத்தகைதாரரான காணக்காரர், எல்லோருக்கும் கீழே வெறும்பாட்டக்காரர். 1929ஆம் ஆண்டின் மலபார் குத்தகைச் சட்டம் காணக்காரர்களுக்கு ஓரளவு பிடிமானம் கொடுத்தது. உண்மையில் மண்ணில் இறங்கி உழுத வெறும்பாட்டக்காரருக்கு அதிலிருந்து கிடைத்தது சொற்பம். குத்தகை பாக்கி என்று ஒரு தாவா, அதன்மேல் ஒரு வெளியேற்ற உத்தரவு, அமீனா வந்து நின்றால் வீடும் நிலமும் போயிற்று. எதிர்வழக்காடப் பணம் இல்லாதவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதே பொருட்டில்லை. தலச்சேரியில் தொழில் செய்த எந்த இளம் வழக்கறிஞரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்தவர்களில் பலர் ஜன்மிகளின் வக்காலத்தை வாங்கி வசதியாக வாழ்ந்தார்கள். கிருஷ்ணய்யர் விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும், அதைவிட ஆபத்தாக, கம்யூனிஸ்டுகளுக்காகவும் வழக்காடினார்.

அதற்கான விலையை 1948இல் கொடுத்தார். கம்யூனிஸ்ட் கட்சிக்கு எதிராக மெட்ராஸ் மாகாண அரசு கடும் நடவடிக்கை எடுத்த ஆண்டு அது. மலபார் கிராமங்களில் போலீஸ் வேட்டை. விசாரணையில் கைதிகள் சித்திரவதை செய்யப்படுவதை எதிர்த்து அவர் குரல் கொடுத்தார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று குற்றம் சுமத்தி அவரையே ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். வக்கீல் தன் கட்சிக்காரருக்கு வழக்காடுவது குற்றமாகிப்போன காலம்! கைதியைப் பார்க்கப் போன மனிதர் கைதியாக உள்ளே இருந்து பார்த்தார். சிறைச்சாலை என்பதைச் சட்டப் புத்தகத்தின் ஒரு அத்தியாயமாக அவரால் அதன்பின் எழுத முடியவில்லை.

அந்த ஆண்டுகளின் இன்னும் இரண்டு சம்பவங்கள் அவருடையவை அல்ல என்றாலும் அவர் கதையோடு சேர்ந்தவை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். கிருஷ்ணய்யரைப் போன்ற வக்கீல்களின் அலுவலகத் திண்ணைகளில் காத்திருந்தவர்களைப் போன்ற மனிதர்கள். அதே ஆண்டு மே மாதம், தடுப்புக்காவலில் இருந்த கண்ணூர்க்காரரான ஏ. கே. கோபாலன் மெட்ராஸ் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் ஒன்று முறைப்படி இயற்றப்பட்டிருந்தால் போதும், அதன் நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்காது என்பதே அதன் சாரம். இந்தத் தீர்ப்புக்கு 28 ஆண்டு கழித்து மீண்டும் வருவோம்.

1952இல் முதல் பொதுத்தேர்தல். கூத்துப்பறம்புத் தொகுதியில் சுயேச்சையாக நின்று ஜெயித்துக் கிருஷ்ணய்யர் சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தெரிந்த சட்டமன்றம்தான் அது. 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152 மட்டுமே, பெரும்பான்மை இல்லை. ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார்கள். எதிர்வரிசையில் சிறையிலிருந்தபடியே மதுரையில் வென்ற பி. ராமமூர்த்தி, வண்ணாரப்பேட்டையின் ஜீவா. சேலத்தில் பெரும் வருமானம் பார்த்த வழக்கறிஞரான ராஜாஜி ஆளும் பக்கம், தலச்சேரி வழக்கறிஞர் எதிர்ப்பக்கம். கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று சொன்னவர் ராஜாஜி. மறுபக்கத்தில் இருந்தவருக்கோ கட்சி உறுப்பினர் அட்டையே கிடையாது.

அட்டை இல்லை என்பது சின்ன விஷயமில்லை. இடதுசாரி ஆதரவு பெற்ற சுயேச்சை என்ற நிலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முகமூடி போலத் தெரியும். காங்கிரஸ்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. கட்சியின் வாக்குகள் இல்லாமல் அவர் ஜெயித்திருக்க வழியில்லை. ஆனால் கட்சியின் அமைப்புக்குள், அதன் கமிட்டிகளுக்குள் அவர் கடைசிவரை போகவில்லை. வழக்கறிஞர் ஒரு கட்சிக்காரரின் வழக்கை முழு மூச்சோடு நடத்துவார், ஆனால் அந்தக் கட்சிக்காரராகவே ஆகிவிடமாட்டார். கிருஷ்ணய்யரின் அரசியலும் ஏறத்தாழ இந்த உறவில்தான் நடந்தது. அதன் சௌகரியத்தை அவர் 1957இல் அனுபவித்தார், சங்கடத்தை 1965இல்.

அவர் சென்னையில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1954இல், மலபார் குத்தகைச் சட்டம் மறுபடியும் திருத்தப்பட்டது. தலச்சேரியில் வழக்குக்கு வழக்கு மோதிய பிரச்சினையை ஒரே சட்டத்தால் நகர்த்திவிட முடியும் என்பதையும், எதிர்வரிசையில் உட்கார்ந்தால் அந்த நகர்வு எவ்வளவு குறைவாக இருக்கும் என்பதையும் கற்றுக்கொள்ளத் தோதான இடம் அது. 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்தோடு சேர்ந்தது.

கேரளத்தின் முதல் தேர்தல் 1957 தொடக்கத்தில் நடந்தது. 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60. கட்சி ஆதரித்த ஐந்து சுயேச்சைகளைச் சேர்த்தால் 65. அந்த ஐவர் இல்லாவிட்டால் உலகம் வியந்து பார்த்த, இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான அமைச்சரவையே இல்லை. தலச்சேரியில் வென்ற கிருஷ்ணய்யர் ஐவரில் ஒருவர். ஏப்ரல் 5 அன்று பதவியேற்ற 11 அமைச்சர்களில் அவரும் இருந்தார். சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம், சமூக நலம் என்று அவர் கவனித்த துறைகளின் பட்டியல் நீளமானது.

இந்த 28 மாத ஆட்சியைப் பற்றிப் பேசுபவர்கள் நிலச் சீர்திருத்தத்தையும் கல்வி மசோதாவையும் பேசுவார்கள். முதலாவதுக்குக் கே. ஆர். கௌரியின் பெயர், இரண்டாவதுக்கு ஜோசப் முண்டசேரியின் பெயர். சட்ட அமைச்சரின் வேலை பெரும்பாலும் இப்படி அடுத்தவர் பெயரில்தான் நிற்கும். பதவியேற்ற ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 11 அன்று, குடியானவர்களை வெளியேற்றும் நடவடிக்கைகள் அனைத்தையும் நிறுத்திவைத்து அவசரச் சட்டம் வந்தது. தலச்சேரியில் ஒவ்வொரு தடையாணைக்கும் தனித்தனியே மனுப்போட்டு அலைந்த வழக்கறிஞருக்கு இதன் ருசி தெரிந்திருக்கும். கல்வி மசோதாவோ வேறு பாடம் கற்பித்தது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிவைத்தார். குடியரசுத் தலைவர் அரசியல் சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். கேரளத்துக்காக வாதாட இங்கிலாந்திலிருந்து டி. என். பிரிட் வந்தார். 1958 மே 22 அன்று வந்த கருத்து சிறுபான்மையினரின் கல்வி நிறுவனங்கள் தொடர்பான சில விதிகளை ஏற்க மறுத்தது. மக்கள் வாக்களித்து அனுப்பிய அவை இயற்றியதை நீதிமன்றம் திருத்தி எழுதச் சொல்கிறது. சொல்லும் இடத்தில் பின்னாளில் தாமே உட்காரப்போவது அந்தச் சட்ட அமைச்சருக்கு அன்று தெரியாது.

அவர் பெயருக்கே உரிய வேலைகள் சத்தமில்லாதவை. ஏழைகளுக்குச் சட்ட உதவி வழங்கும் விதிகளைக் கேரளம் 1957இலேயே வகுத்தது. நாட்டில் இப்படி விதி வகுத்த முன்னோடி மாநிலங்களில் ஒன்று அது. இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக அரசியல் சட்டத்தில் சேர்க்க இன்னும் 19 ஆண்டு இருந்தது. சிறைகளில் கைதிகளின் உரிமைகளைக் கணக்கில் எடுத்த சீர்திருத்தங்கள், கூடுதல் நீதிமன்றங்கள், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான காப்பகங்கள் ஆகியவையும் அவர் காலத்தவை. புதிய அரசு வந்ததும் தூக்குத் தண்டனைகள் குறைக்கப்பட்டன. தமிழ்நாட்டுக்காரர்கள் நினைவில் வைக்கவேண்டிய ஒன்றும் உண்டு. பரம்பிக்குளம் ஆழியாறு நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29 அன்று. ஆனால் அது 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தேதியில் கேரளத்தின் நீர்ப்பாசனம் கிருஷ்ணய்யரின் கையில் இருந்தது. பொள்ளாச்சி வயல்களுக்குப் பாயும் நீரின் கோப்பில் ஒரு பாலக்காட்டுத் தமிழரின் பங்கும் இருக்கிறது.

எல்லாம் புகழ்மாலை இல்லை. தொழிலாளர் போராட்டங்களில் முதலாளிகளின் பக்கம் போலீஸ் தலையிடாது என்று அறிவித்த அரசு அது. 1958 ஜூலையில் கொல்லத்துக்கு அருகே சந்தனத்தோப்பில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை அதே போலீஸ் சுட்டது. 1959 ஜூன் 13 அன்று அங்கமாலியில் துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் இறந்தார்கள். போலீஸ் சித்திரவதையை எதிர்த்துச் சிறைபோனவர் அங்கம் வகித்த அமைச்சரவையின் ஆட்சியில் இவை நடந்தன; அந்தப் பொறுப்பில் அவருக்கும் பங்கு உண்டு. அரசு வன்முறையைப் பற்றி நீதிபதியாக அவர் எழுதியவற்றில் இருக்கும் கோபத்தை, அதிகாரத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவரின் கோபம் என்று யாரும் எண்ணவேண்டாம்.

அரசுக்கு எதிராக விமோசன சமரம் என்ற ‘விடுதலைப் போராட்டம்’ மூண்டது. 1959 ஜூலை 31 அன்று 356ஆம் பிரிவின்கீழ் அரசு கலைக்கப்பட்டது. கலைக்கவேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் முன்னணியில் நின்றவர் அன்றைய காங்கிரஸ் தலைவர் இந்திரா காந்தி. ஆகஸ்டிலேயே கிருஷ்ணய்யர் கறுப்பு அங்கியை மறுபடி மாட்டிக்கொண்டார். 1960 தேர்தலில் தலச்சேரியில் காங்கிரஸின் பி. குஞ்ஞிராமனிடம் மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றார். தேர்தல் மனுப் போட்டார். நீதிமன்றம் அவரே வென்றதாக அறிவித்தது. 1961இல் அவர் சட்டமன்றத்தில் நுழைந்தது ஒரு தீர்ப்பின் வழியாக. கம்யூனிஸ்ட் கட்சி 1964இல் பிளந்தபின் வந்த 1965 தேர்தலில் மீண்டும் சுயேச்சையாக நின்றார். இம்முறை மார்க்சிஸ்ட் கட்சியின் பாட்டியம் கோபாலன் எதிரே நின்று வென்றார். கட்சியின் வாக்கு கட்சிக்குப் போயிற்று. அந்தத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் அவை கூடவே இல்லை என்பது தோல்விக்கு ஆறுதலா, கேலியா தெரியவில்லை. எப்படியும் அவருடைய சட்டமன்ற வாழ்க்கை அத்தோடு முடிந்தது. 1968 ஜூலையில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி; 1971 முதல் சட்ட ஆணைய உறுப்பினர்; 1973 ஜூலை 17 முதல் உச்ச நீதிமன்றம்.

1975 ஜூன் கடைசி வாரத்தைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அலகாபாத் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லாதென்று அறிவித்தார். கோடை விடுமுறையில் உச்ச நீதிமன்றத்தில் தனியாக அமர்ந்திருந்தவர் கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் எச். ஆர். கோகலே தொலைபேசியில் நேரில் பார்க்க வரலாமா என்று கேட்டார். மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் போதும் என்று பதில் வந்தது. இரு தரப்பிலும் வழக்கறிஞர்கள் பால்கிவாலாவும் சாந்தி பூஷணும் வாதாடினார்கள். ஜூன் 24 அன்று அலகாபாத் தீர்ப்புக்கு நிபந்தனையோடு தடை: பிரதமராக நீடிக்கலாம், நாடாளுமன்றத்தில் பேசலாம், உறுப்பினராக வாக்களிக்கவும் சம்பளம் வாங்கவும் கூடாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை.

அந்த நாற்காலியில் அன்று இருந்தது யார் என்பதை யோசியுங்கள். மனு போட்டவர் 16 ஆண்டுகளுக்கு முன் கவிழ்க்க முனைந்த அமைச்சரவையின் அமைச்சர். அதோடு தேர்தல் வழக்கில் தோற்றவராக உள்ளே போய் வென்றவராக வெளியே வந்த அனுபவசாலி. வாக்கு எண்ணிக்கைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவே ஒரு தொகுதியின் நாற்காலி எந்த நிலையில் இருக்கிறது என்பது அவருக்குச் சொந்த அனுபவம். முழுத் தடை கொடுத்திருந்தால் ஆளுங்கட்சி கொண்டாடியிருக்கும். மறுத்திருந்தால் பழிவாங்கினார் என்பார்கள். வழக்கமாக உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் அதே நிபந்தனைத் தடையைத்தான் பிரதமருக்கும் கொடுத்தார். இதில் வீரம் எதையும் தேடவேண்டியதில்லை என்பது என் எண்ணம். தேர்தல் சட்டத்தை இரு பக்கமும் நின்று பார்த்தவரின் நிதானம் அது.

1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கு. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கிருஷ்ணய்யர் தனியே எழுதி உடன்பட்டார். 1950இல் ஏ. கே. கோபாலன் தோற்ற வாதம் அங்கே வென்றது. கோபாலன் முந்தைய ஆண்டு மார்ச்சில் காலமாகியிருந்தார். 1978இலேயே எம். எச். ஹோஸ்காட் வழக்கில் சிறையிலிருப்பவருக்கு மேல்முறையீட்டுக்கு இலவச வழக்கறிஞர் கொடுப்பது அரசின் கடமை என்றார். 1957இன் விதிகளை அறிந்தவருக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நந்தினி சத்பதி வழக்கில் போலீஸ் விசாரணையில் வாய்திறக்காமல் இருக்கும் உரிமையை விரித்து எழுதினார். மோத்திராம் வழக்கில் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், ஜாமீன்தாரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று தள்ளியிருந்தார். மலையாளியோ தமிழனோ வடக்கே கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்ற ரீதியில் போகும் அந்தத் தீர்ப்பின் கேள்விகள், தலச்சேரி வராந்தாவில் கேட்டுக்கேட்டுக் காதில் தங்கியவை போல ஒலிக்கின்றன.

கைதி சுனில் பத்ராவின் இரண்டு வழக்குகளும் திகார் சிறையிலிருந்து வந்தவை. முதலாவதில் தனிமைச் சிறையும் கால் விலங்கும் கேள்விக்கு உள்ளாயின. நீதிபதிகளே சிறைக்குப் போய்ப் பார்த்தார்கள். இரண்டாவது, சக கைதியொருவரை வார்டர் துன்புறுத்தியதைப் பற்றி பத்ரா எழுதிய கடிதம். கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். கட்டணம், முத்திரை, வக்காலத்து எதுவும் கேட்கவில்லை. தொகுதிக்காரர் எழுதும் கடிதத்தைச் சட்டமன்ற உறுப்பினர் இப்படித்தான் எடுத்துக்கொள்வார். நீதிபதி எடுத்துக்கொள்வது புதிது.

இந்தப் பழக்கம் அவரைச் சறுக்கவும் வைத்தது. அமைச்சர் கொள்கை வகுக்கலாம். நீதிபதி எவ்வளவு வகுக்கலாம்? தூக்குத் தண்டனையைச் சுருக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு 1979இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் அவர் எழுதியது, எந்தக் கொலையாளியைத் தூக்கிலிடலாம் என்பதற்குச் சட்டத்தில் இல்லாத ஒரு வரையறையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சக நீதிபதி ஏ. பி. சென் கடுமையாக மாறுபட்டார். அடுத்த ஆண்டே பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. 1978இன் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ‘தொழில்’ என்பதற்கு அவர் கொடுத்த விரிந்த பொருள் மருத்துவமனைகளையும் கல்வி நிறுவனங்களையும் உள்ளே இழுத்தது. பல பத்தாண்டுகளாக நீதிமன்றங்கள் அதோடு மல்லுக்கட்டின. தொழிலாளர் சார்பு அவை ஒன்று இயற்றியிருந்தால் இரண்டும் நல்ல சட்டங்களாக இருந்திருக்கும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: ஏழைக்குச் சட்டம் எட்டவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பேசியவரின் ஆங்கிலம், வழக்கறிஞர்களே அகராதி தேடும்படி இருந்தது.

1980 நவம்பரில் ஓய்வு பெற்றபின் ஒரேயொரு தேர்தலில் நின்றார். 1987இன் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளர். எதிரே ஆர். வெங்கட்ராமன்: அவரும் சென்னைச் சட்டக் கல்லூரி, அவரும் தொழிலாளர் வழக்குகளில் பெயரெடுத்த வழக்கறிஞர், அவரும் 1957இல் மாநில அமைச்சரானவர், காமராஜரின் அமைச்சரவையில். தோல்வி நிச்சயம் என்று தெரிந்தே நின்ற கிருஷ்ணய்யருக்குக் கிடைத்த வாக்கு மதிப்பு 2,81,550, வெங்கட்ராமனுக்கு 7,40,148.

சட்டம் இயற்றும் ஆசை மட்டும் போகவில்லை. கேரளச் சட்டச் சீர்திருத்த ஆணையத்துக்குத் தலைமை ஏற்றபோது வயது 90ஐத் தாண்டியிருந்தது. பெண்கள், குழந்தைகள் உரிமைகளுக்கான இன்னொரு ஆணையத்தின் தலைவராக 2011இல் அவர் முதலமைச்சர் உம்மன் சாண்டியிடம் கொடுத்த மசோதா, இரண்டு குழந்தைகளுக்குமேல் பெறுவோர்மீது தண்டனை நடவடிக்கை வேண்டும் என்றது. அரசின் கை தனிமனிதரின் உடல்மேல் விழக்கூடாதென்று திகார் கைதிகளுக்காக எழுதியவர் இதையும் எழுதினார். தேவாலயங்களும் முஸ்லிம் அமைப்புகளும் கொதித்தன. கூத்துப்பறம்பு உறுப்பினராக அவர் இதைச் சென்னையில் கொண்டுவந்திருந்தால் எதிர்வரிசை அங்கேயே எழுந்து நின்று கிழித்திருக்கும், அவரும் திருத்தியிருப்பார். ஆணையத்துக்கு எதிர்வரிசை கிடையாது. மசோதா சட்டமாகவில்லை.